பிடுங்கல் என்னும் சொல்லும் கள்ளாமை நோன்பும்

(தசலட்சணப் பர்வத்தில், உத்தம ஆர்ஜவத்திற்கு உரிய நாளன்று நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

தசலட்சணப் பத்து நாள்களில் மூன்றாம் நாள் ஆர்ஜவத்திற்கு உரியது. ஆர்ஜவம் என்பது வளைவின்மை. எண்ணமும் சொல்லும் செயலும் ஒரே நேர்கோட்டில் நிற்பதே ஆர்ஜவம். அதற்குப் பகை மாயை எனப்படும் வஞ்சனை. வஞ்சனையைப் பற்றிப் பேசும்போது ஆகமச் சொல்லில் தொடங்குவதே வழக்கம். இன்றைய உரையோ கடைத்தெருவில் புழங்கும் ஒரு கொச்சைச் சொல்லில் தொடங்குகிறது. சான்றோர் அவையில் கொச்சைச் சொல்லுக்கு என்ன வேலை என்று ஐயுற வேண்டா. வீட்டில் பிள்ளைகளின் காதில் நாள்தோறும் விழுவது ஆகமச் சொல்லன்று, கொச்சைச் சொல்லே. களவைப் பற்றிய அவர்களின் கருத்தை உருவாக்குவதும் பெரும்பாலும் அதுவே.

சென்னையிலும் பெங்களூரிலும் பணியாற்றும் இளைஞர்கள் 'ரிப்-ஆஃப்' என்னும் ஆங்கிலச் சொல்லை அடிக்கடி ஆளுகின்றனர். வாங்கிய மறுநாளே பழுதான பொருளைக் காட்டி 'ரிப்-ஆஃப்' என்கின்றனர். விமான நிலையத்தில் ஒரு குவளைக் காப்பிக்குக் கேட்ட விலையையும் 'ரிப்-ஆஃப்' என்கின்றனர். வேறொரு பாட்டின் மெட்டைத் தழுவிய திரைப்பாட்டும் அவர்களுக்கு 'ரிப்-ஆஃப்'தான். ஏமாற்று, மிகுவிலை, போலி ஆகிய மூன்றுக்கும் ஒரே சொல். இம்மூன்றும் உண்மையில் ஒன்றுதானா? ஒன்றாயின், அவற்றை ஒன்றாக்குவது எது? இதுவே ஆராயத்தக்க வினா.

சொல்லின் பிறப்பு

ஆங்கிலத்தில் 'ரிப்' என்றால் கிழித்தல். 'ஆஃப்' சேர்ந்தால் பற்றி இழுத்துப் பிய்த்தெடுத்தல். சுவரில் ஒட்டிய தாளைப் பிய்ப்பது போன்ற செயலைக் குறித்த இத்தொடர், 1960களின் இறுதியில் அமெரிக்கத் தெருப்பேச்சில் திருடுதல் என்னும் பொருளில் பரவியது. 1970களில் பெயர்ச்சொல்லாகவும் நிலைத்தது. திருட்டைக் குறித்த சொல் ஏமாற்றையும், தகுதிக்கு மீறிய விலையையும், பிறர் படைப்பைப் பார்த்துச் செய்த நகலையும் தன்னுள் அடக்கிக்கொண்டது. 1990களின் இறுதியில் பிரித்தானியச் செய்தித்தாள்கள், தம் நாட்டில் பொருள்களின் விலை அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டித்து 'ரிப்-ஆஃப் பிரிட்டன்' என்றே எழுதின. கற்றோர் கூடி ஆக்கிய கலைச்சொல் அன்று இது. பணத்தை இழந்தவர் வயிற்றெரிச்சலில் பிறந்த சொல். ஆயினும் அதனுள் ஓர் அறத்தீர்ப்பு பொதிந்துள்ளது. மிகுவிலையும் போலியும் திருட்டின் உறவினரே என்பது அத்தீர்ப்பு.

தமிழ்ப் பேச்சில் இதற்கு மிக நெருங்கிய சொல் 'பிடுங்குதல்'. 'காசைப் பிடுங்கிவிட்டான்' என்னும்போது இழுத்துப் பிய்க்கும் அதே செயல் புலப்படுகிறது. 'சுடுதல்' என்னும் சொல்லும் கருதத்தக்கது. பையைச் சுட்டான் என்றால் திருடினான். கதையைச் சுட்டான் என்றால் பிறர் கதையைத் தன்னுடையது எனக் காட்டினான். திருட்டும் போலியும் இங்கே ஒரு சொல்லில் கூடிவிட்டன. மிகுவிலைக்குப் 'பகற்கொள்ளை' என்னும் வழக்கு உண்டு. யானை விலை, குதிரை விலை என்பதும் அதுவே. பார்த்துச் செய்த நகலுக்கு 'ஈயடிச்சான் காப்பி' என்பது பெயர். மூலத் தாளில் செத்து ஒட்டியிருந்த ஈயைக் கண்ட எழுத்தர், தம் படியிலும் அதே இடத்தில் ஓர் ஈயை அடித்து ஒட்டினார் என்னும் வேடிக்கைக் கதை அதன் பின்னணி.

ஆனால் தமிழ்க் கொச்சை வழக்குகளில் பெரும்பகுதி வேறு வகையைச் சார்ந்தது. மொட்டையடித்தல், நாமம் போடுதல், காதில் பூச்சுற்றுதல், தலையில் மிளகாய் அரைத்தல், அல்வா கொடுத்தல் ஆகியவற்றை வரிசையாக வைத்து நோக்கினால் ஒன்று விளங்கும். மழிக்கப்படுவது ஏமாந்தவன் தலை. குறியிடப்படுவது ஏமாந்தவன் நெற்றி. பூவை ஏந்துவது ஏமாந்தவன் காது. மிளகாய் அரைபடுவதும் அவன் தலையில்தான். அல்வாவை வாயில் போட்டுக்கொண்டு விழிப்பவனும் அவனே. ஏமாற்றியவனின் கையோ முகமோ இவ்வழக்குகளில் எங்கும் தெரிவதில்லை. கேட்போர் மனக்கண்ணில் எழுவது இழந்தவனின் கோலம். அக்கோலம் சிரிப்பை வருவிக்கிறது. ஒரு சமயத்தாரின் திருச்சின்னம் இத்தகைய பேச்சில் இழுக்கப்படுவது தனியே வருந்தத்தக்க செய்தி.

சிரிப்பு எங்கே விழுகிறதோ அங்கே வெட்கமும் விழும். ஏமாந்தவன் வெட்கப்படுகிறான், ஏமாற்றியவன் 'பிழைக்கத் தெரிந்தவன்' என்று பெயர் பெறுகிறான். சொல்வழக்கு செய்யும் இந்த இடமாற்றம் சிறிய தீங்கன்று.

வணிகரும் நோன்பும்

சமணம் வணிகத்தை விலக்கி வைத்த சமயம் அன்று. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைத் தளத்தில் துறவியர்க்குச் செய்த அறத்தில் வெள்ளறை நிகமத்தார், அதாவது அவ்வூர் வணிகக் குழுவினர், பங்கு பெற்றதைத் தமிழி எழுத்துகள் இன்றும் காட்டுகின்றன. அழகர்மலைக் கல்வெட்டுகளில் உப்பு வணிகனும், கொழு வணிகனும், அறுவை வணிகனும், பொன்வினைஞனும் கொடையாளராக இடம்பெறுகின்றனர். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன்பே, பகலில் தராசு பிடித்த கைகள் துறவியர்க்குக் கற்படுக்கை அமைத்துத் தந்தன. அத்தகையோரைக் 'கடையை மூடு' என்று துறவியர் சொல்லவில்லை. கடையில் அமர்ந்தபடியே காக்கத்தக்க நோன்பை வகுத்துத் தந்தனர். அதுவே கள்ளாமை என்னும் அணுவிரதம்.

உமாசுவாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில், கொடுக்கப்படாததை எடுத்தலே களவு என்று வரையறுத்தார். பின்னர் அந்நோன்புக்கு நேரும் ஐந்து அதிசாரங்களை, அதாவது வழுக்களை, எண்ணிக் காட்டினார். திருட்டுக்குத் தூண்டுதல் முதலாவது. திருட்டுப் பொருளை வாங்குதல் இரண்டாவது. அரசின் ஒழுங்கைப் பிறழ்ந்து கொள்வனவும் கொடுப்பனவும் செய்தல் மூன்றாவது. குறைந்த அளவால் கொடுத்து மிகுந்த அளவால் வாங்குதல் நான்காவது. 'பிரதிரூபக வியவகாரம்' எனப்படும் போலிப்பொருள் வாணிகம் ஐந்தாவது. சமந்தபத்திராசாரியரின் இரத்தினகரண்ட சிராவகாசாரமும் இவ்வைந்தையே சிறிது வேறு சொற்களால் கூறுகிறது. போலியைக் குறிக்குமிடத்தில் அவர் தேர்ந்த சொல்லின் பொருள், 'ஒத்த தோற்றமுடையதைக் கலத்தல்' என்பது. அந்நூலைப் பின்பற்றித் தமிழில் 180 குறட்பாக்களால் அமைந்த அருங்கலச்செப்பு, தமிழ்ச் சமண இல்லங்களில் நெடுங்காலமாக ஓதப்பட்டு வருகிறது.

இந்த ஐந்தில் சுவரேறிக் குதிப்பவன் இல்லை, கன்னக்கோல் இல்லை, இருட்டும் இல்லை. அனைத்தும் பகலில், விளக்கேற்றிய கடையில், வாடிக்கையாளரை வணக்கம் கூறி வரவேற்றுச் செய்யத்தக்கவை. தெருப்பேச்சு 1970களில் சேர்த்து வைத்த பொருள்களை ஆசாரியர்கள் எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே களவு என்னும் ஒரே தலைப்பின்கீழ் வைத்துவிட்டனர். வேறுபாடு ஒன்றே. கொச்சைச் சொல் இழந்தவன் வாயிலிருந்து, இழந்த பிறகு வருவது. அதிசாரப் பட்டியலோ விற்பவன் தன்னைத் தானே நோக்கி, விற்பதற்கு முன்பே சொல்லிக்கொள்வது.

தன் கையால் கொடுத்தது களவாகுமா?

இங்கே ஒரு தடை எழும். திருடன் கேளாமல் எடுக்கிறான். கடையில் வாங்குபவரோ தம் கையால் எண்ணிக் கொடுக்கிறார். கொடுக்கப்படாததை எடுத்தலே களவு எனில், கொடுத்த பணம் எவ்வாறு களவாகும்?

ஒருவர் ஒரு கிலோ பருப்புக்கு உரிய பணத்தைக் கொடுக்கிறார், அவருக்குக் கிடைப்பது 950 கிராம். அவர் கொடுத்தது ஒரு கிலோவிற்கு. எஞ்சிய 50 கிராமின் விலையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. அது எடுக்கப்பட்டது. கை கொடுத்தது, மனம் கொடுக்கவில்லை. மனத்தின் இசைவு எதுவரை சென்றதோ அதுவரைதான் அது கொடை. அதற்கு அப்பால் விற்பவன் பெட்டியில் விழும் ஒவ்வொரு காசும் கொடுக்கப்படாத பொருளே. இந்த ஓர் அளவுகோலைக் கையில் கொண்டால் ஏமாற்று, மிகுவிலை, போலி ஆகிய மூன்றையும் தெளிவாக அளந்து பார்க்கலாம்.

அளவில் களவு

பூச்சியபாதர் தம் சர்வார்த்த சித்தி உரையில் முகத்தலளவையையும் நிறுத்தலளவையையும் பிரித்துக் காட்டி, பிறர்க்குக் கொடுக்கையில் குறைந்ததும் தனக்கு வாங்குகையில் மிகுந்ததுமாக இருவகை அளவு வைத்திருப்பதை வஞ்சனை என்கிறார். ஒரே கடையில் இரண்டு மரக்கால் இருப்பதே குற்றம் என்பது இதன் கருத்து. அளவு தன் விருப்பப்படி வளையாதிருக்க வேண்டும் என்பதற்காகவே அரசுகள் பொது அளவுகளை நிறுவின. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் பொன்னை 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய கல்லால் நிறுத்ததைக் குறிக்கின்றன. விடுதலைக்குப் பின் 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவுகளைக் கொண்டுவந்தபோது, வீசையும் பலமும் படியும் படிப்படியாக மறைந்தன. இன்றைய மின்தராசிலும் அரசின் முத்திரை தேவை.

எனினும் முத்திரை தராசைத்தான் காக்கும், மனத்தைக் காக்காது. நெல்லும் மணிலாவும் விளைவிக்கும் குடும்பங்கள் இதனை நன்கு அறியும். மூட்டையின் மேல்வாயில் நல்ல மணியும் அடியில் பதரும் வைப்பது உழவன் பக்கத்து வளைவு. ஈரம் என்றும் தூசி என்றும் காரணம் கூறி எடையைக் கழிப்பது வாங்குவோன் பக்கத்து வளைவு. தான் செய்வதை ஈடுகட்டல் என்றும் பிறன் செய்வதைத் திருட்டு என்றும் இரு சாராரும் கூறிக்கொள்வர். இரண்டும் ஒரே அதிசாரம். இதற்கு மாறான வழக்கும் தமிழ்ச் சந்தையில் உண்டு. அதன் பெயர் கொசுறு. அளந்து முடித்த பின், கேளாமலே ஒரு கொத்து கறிவேப்பிலையை மேலே வைக்கும் கை, நோன்பின் பெயரை அறியாமலே நோன்பைக் காக்கிறது.

விலையில் களவு

மூன்றனுள் கடினமானது மிகுவிலை. அதிக விலை கூறுவது தானே களவாகிவிடாது. நல்ல பொருளுக்கு நல்ல விலை உண்டு. நகர நடுவில் கடை வைத்தவருக்கு வாடகை உண்டு, ஆபத்தை ஏற்று முதலிட்டவருக்கு ஆதாயமும் உண்டு. விலையை மறைக்காமல் கூறி, வாங்குபவர் வேறு கடைக்குச் செல்லும் வாய்ப்போடு நின்று இசைந்தால், அது கொடுக்கப்பட்ட பணமே. மனம் கசந்து 'பகற்கொள்ளை' என்று திட்டுவதெல்லாம் கொள்ளையாகிவிடாது. இவ்விடத்தில் கொச்சைச் சொல் சற்று மிகையாகப் பேசுகிறது என்பதையும் ஒப்புக்கொள்ளுதல் ஆர்ஜவமே.

விலை எப்போது களவாகும்? மூன்றாம் அதிசாரத்திற்குப் பூச்சியபாதர் கூறும் விளக்கம் வழிகாட்டுகிறது. நாடு ஒழுங்கு குலைந்த நேரத்தில், மதிப்புக்கும் விலைக்கும் உள்ள தொடர்பு அறுந்ததைப் பயன்படுத்தி ஆதாயம் தேடும் முயற்சியை அவர் குற்றத்தில் சேர்க்கிறார். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது பால் பாக்கெட் சில இடங்களில் பல மடங்கு விலைக்கு விற்றது. 2020 மார்ச்சில் கொரோனா பரவத் தொடங்கியபோது முகக்கவசத்தின் விலை ஏறியதைக் கண்டு, நடுவணரசு அதனை இன்றியமையாப் பொருளாக அறிவித்து, மூன்றடுக்குக் கவசத்திற்கு 10 ரூபாய், இரண்டடுக்குக் கவசத்திற்கு 8 ரூபாய், 200 மில்லி கைத்தூய்மி திரவத்திற்கு 100 ரூபாய் என உச்ச விலை வைக்க நேர்ந்தது. கைக்குழந்தையோடு பாலுக்கு நின்ற தாய் கொடுத்த பணத்தில் இசைவு எவ்வளவு, அச்சம் எவ்வளவு? அச்சம் கொடுத்த பகுதி கொடுக்கப்படாத பகுதியே. பிறர் அறியாமையையும் அவசரத்தையும் எண்ணி விலை வைப்பது, அவர்தம் மடியில் கைவிடுவதற்கு ஒப்பாகும்.

போலியில் களவு

ஐந்தாம் அதிசாரமாகிய பிரதிரூபகத்திற்குப் பூச்சியபாதர் காட்டும் எடுத்துக்காட்டு செயற்கைப் பொன் முதலியன. இங்கே ஒரு நுட்பம் உண்டு. செயற்கைப் பொருள் குற்றமன்று, அதைக் கொண்டு வஞ்சித்தலே குற்றம். சிதம்பரம் கவரிங் நகை தமிழ்நாடெங்கும் புகழ்பெற்றது. மேற்பூச்சு மட்டுமே பொன் என்பதை விற்பவரும் அறிவார், வாங்குபவரும் அறிவார். பொன் வாங்க இயலாத பெண்ணுக்கு விழா நாளில் மகிழ்வு தரும் அந்நகையில் வஞ்சனை இல்லை. அதே நகையைத் தங்கம் என்று கூறி அடகு வைக்கும் நொடியில் அது பிரதிரூபகம் ஆகிறது. பொருள் மாறவில்லை, சொல் மாறியது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியின்றி ஹால்மார்க் பொன் நகையை விற்கலாகாது என அரசு விதித்ததும், சொல்லையும் பொருளையும் பிணைத்து வைப்பதற்கே.

காப்பித்தூளும் அவ்வாறே. சிக்கரி கலந்தது என்று உறையில் அளவோடு அச்சிட்டு விற்பது கலவை. சொல்லாமல் கலப்பது கலப்படம். மிளகோடு உலர்ந்த பப்பாளி விதையைச் சேர்ப்பது, சமந்தபத்திரர் கூறிய 'ஒத்ததைக் கலத்தல்' என்பதற்கு அப்படியே பொருந்தும். உணவில் செய்யும் போலி சமண இல்லத்தாரை இன்னும் ஆழமாகப் புண்படுத்தும். நெய் என்று நம்பி வாங்கியதில் விலங்குக் கொழுப்பு இருக்குமானால், இழப்பு பணத்தோடு நிற்பதில்லை. வாங்கியவர் வாழ்நாள் முழுதும் காத்த கொல்லாமை நோன்பில், அவர் அறியாமலே ஒருவன் கைவைத்துவிடுகிறான். விற்பவனின் களவு, உண்பவரின் அகிம்சையையே களவாடுகிறது.

போலியில் இழப்பவர் இருவர். ஒருவர் வாங்கியவர். மற்றவர் எவருடைய பெயரும் உழைப்பும் பயன்படுத்தப்பட்டனவோ அவர். படைப்புலகில் இரண்டாமவரின் இழப்பே பெரிது. அப்படியானால் முன்னோரைப் பின்பற்றி எழுதுவதெல்லாம் திருட்டாகுமா? ஆகாது என்பதற்குச் சமண முனிவராகிய பவணந்தியாரே சான்று. அவர் நன்னூலில் முதல்நூல், வழிநூல், சார்புநூல் எனப் பகுத்து, முன்னோர் சொல்லையும் எடுத்தாளலாம் என்று இசைவு தருகிறார். தொல்காப்பியத்தை அடியொற்றித் தாமும் அவ்வாறே செய்தார். ஆனால் மறைத்துச் செய்யவில்லை. முன்னோரைப் போற்றும் பொருட்டு அவர் சொல்லை எடுப்பதாக வெளிப்படையாகவே கூறிச் செய்தார். வழிநூலுக்கும் சுட்ட கதைக்கும் இடையில் நிற்பது நன்றியறிதல் ஒன்றே.

சத்தியகோடனும் பத்திரமித்திரனும்

ஏமாந்தவரை நோக்கிச் சிரிக்கும் வழக்கிற்கு மருந்தாகும் கதை ஒன்று தமிழ்ச் சமணரிடமே உள்ளது. வாமன முனிவரின் மேருமந்தர புராணத்தில் அமைந்த பத்திரமித்திரன் கதை அது.

சிம்மபுரத்து அமைச்சன் சிரீபூதி என்பான். வாய்மை தவறாதவன் எனப் பெயரெடுத்து, சத்தியகோடன் என்றே ஊரார் அழைக்கும் சிறப்புற்றவன். பத்திரமித்திரன் என்னும் வணிகன் அப்பெயரை நம்பித் தன் மணிகளை அவனிடம் அடைக்கலமாக வைத்தான். திரும்ப வந்து கேட்டபோது, 'நீ யார்?' என்றான் அமைச்சன். வணிகன் தெருவில் நின்று முறையிட்டான். ஊரார் யாரை நம்பினர்? புகழ்பெற்ற பெயரை நம்பினர். இழந்தவனைப் பித்தன் என்றனர். அவனோ விடியற்பொழுதுதோறும் ஒரு மரத்தின் மீதேறி அதே முறையீட்டைக் கூறிக்கொண்டிருந்தான்.

அதனைக் காது கொடுத்துக் கேட்டவள் அரசி இராமதத்தை. பித்தனின் பேச்சு நாளுக்கொன்றாக மாறும், இவன் பேச்சோ ஒருநாளும் மாறவில்லை என்று அவள் எண்ணினாள். அமைச்சனோடு சூதாடி அவன் மோதிரத்தையும் பூணூலையும் வென்று, அவற்றை அடையாளமாகக் காட்டச் செய்து, ஒளித்து வைத்த மணிகளை வருவித்தாள். அரசன் அம்மணிகளைத் தன் கருவூல மணிகளோடு கலந்து பத்திரமித்திரன் முன் வைத்தான். நெடுநாள் துன்புற்ற வணிகன், பழிக்கு ஈடாகச் சில மணிகளை மிகுதியாக அள்ளியிருந்தால் எவரும் கேட்டிருக்க மாட்டார். அவன் தன் மணிகளை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டான்.

மூன்று செய்திகள் இக்கதையில் உள. நல்ல பெயரே வஞ்சனைக்கு மிகச் சிறந்த போர்வையாகும் என்பது ஒன்று. ஏமாந்தவனைப் பித்தன் என்று சிரித்த ஊர், அறியாமலே ஏமாற்றியவனுக்குக் காவல் நின்றது என்பது மற்றொன்று. தான் ஏமாற்றப்பட்டது தான் பிறரை ஏமாற்றுவதற்கு உரிமைச்சீட்டு ஆகாது என்பது மூன்றாவது. மூன்றாவதே அரியது. 'என்னிடம் பிடுங்கினார்கள், நானும் பிடுங்கினேன்' என்பதுதானே கடைத்தெருவின் பொது விடை!

இல்லத்தில் செய்யத்தக்கவை

இன்று மரத்தின் மீதேறி முறையிடுவோர் இலர். மாறாக, வாய்மூடி இருப்போர் பலர். ஓய்வூதியத்தைத் தொலைபேசி வஞ்சகரிடம் இழந்த முதியவர், மகனிடம் கூறவும் நாணி உள்ளுக்குள் உருகுகிறார். சீட்டுக் கட்டி ஏமாந்த பெண், கணவரிடம் கூற அஞ்சி நகையை அடகு வைக்கிறார். பணத்தை இழந்த துயரைவிட, 'மொட்டையடித்துக்கொண்டு வந்தாயா?' என்னும் ஒரு சொல்லுக்கே அவர்கள் அஞ்சுகின்றனர். இணைய வழி மோசடியை 1930 என்னும் எண்ணுக்கு உடனே தெரிவித்தால், பணம் கைமாறுவதற்கு முன் தடுத்து நிறுத்த வழியுண்டு. கடையில் நேர்ந்த குறைக்கு 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணும், மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமும் உள்ளன. ஆனால் வீட்டார் சிரிப்புக்கு அஞ்சிப் பேசாதிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் வஞ்சகனுக்கு ஆதாயம். ஆதலின் ஒவ்வோர் இல்லத்திலும் ஓர் இராமதத்தை வேண்டும். இழந்தவர் பேசும்போது சிரிக்காமல் கேட்கும் காது வேண்டும்.

இரண்டாவது, பேச்சில் ஒரு சிறு திருத்தம். 'அவர் ஏமாந்தார்' என்பதை 'அவரை ஏமாற்றினர்' என்று மாற்றிச் சொல்லலாம். ஒரு வினை மாறியதும் பழி உரிய இடத்திற்குத் திரும்பும். இவ்வாறு கேட்டு வளரும் பிள்ளை, வஞ்சனையைச் சாமர்த்தியம் என்று மயங்காது.

மூன்றாவது, கடை வைத்திருப்போரும், கழனி விளைவிப்போரும், அலுவலகத்தில் கணக்கெழுதுவோரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளத்தக்க ஒரு வினா. 'இப்பொருளின் உண்மை முழுதும் தெரிந்தபின்னும், வேறு கடைக்குச் செல்லும் வாய்ப்பிருந்தும், இவர் இப்பணத்தைக் கொடுப்பாரா?' கொடுப்பார் எனில் அது வருவாய். கொடுக்க மாட்டார் எனில், பெட்டியில் உள்ளது கொடுக்கப்படாத பொருள். பில்லும் முத்திரையும் சரியாக இருப்பதனால் அந்த விடை மாறிவிடாது.

கொச்சைச் சொற்கள் இனியும் பிறக்கும். வஞ்சனை புதுக்கோலம் பூணுந்தோறும் தெரு அதற்குப் புதுப்பெயர் வைக்கும். பெயர் எதுவாயினும் செயல் பழையது, அதன் இடமும் ஆசாரியர்களின் பட்டியலில் முன்பே குறிக்கப்பட்டுள்ளது. பர்வத்தின் இறுதியில் ஒருவரையொருவர் நோக்கிப் பொறுத்தருள வேண்டும் இல்லத்தார், அளவிலும் விலையிலும் பெயரிலும் அறிந்தும் அறியாமலும் எடுத்துக்கொண்ட கொடாப் பொருளையும் அன்று நினைவுகூர்வாராக. திருப்பித் தரக்கூடியதைத் திருப்பித் தந்தபின் கேட்கும் மன்னிப்பே நேரான மன்னிப்பு.

அறவாழி அந்தணன் அருளால் அனைவர் நெஞ்சமும் நேர்மையில் நிலைபெறுக!